சாயத்தண்ணீரை வடிகட்டும் புதிய சவ்வு: எந்த முறையில் செய்தால் டெல்டாவுக்கு உதவும்?

எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம். போர்த்தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அதனால் வீட்டில் ஆர்.ஓ. மெஷின். போன மாசியில் அதன் சவ்வை மாற்றியபோது பழையதைக் குப்பையில் போட மனமில்லாமல் கத்தியால் கீறிப் பிரித்தேன். நடுவே ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய், அதைச் சுற்றிப் பாய் சுருட்டியதுபோல் வெள்ளைத் தாள்கள், தாளுக்குத் தாள் நடுவே வலை. விரலால் தடவினால் பொடி மணல்போல் உப்பு நெருடியது. அந்தத் தாளில் உண்மையில் உப்பைத் தடுப்பது மேலே பூசின பாலிஅமைடு தோல் மட்டும்தான். அதன் தடிமன் 100, 200 நானோமீட்டர் அளவு (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர்). மற்றதெல்லாம் அதைத் தாங்கும் முட்டு.

அந்தத் தோலில் ஒழுங்கான துளை கிடையாது. சிக்குப் பிடித்த நூல்கண்டு மாதிரி மூலக்கூறுகள் பின்னிக் கிடக்கும், நீர் இண்டு இடுக்கில் புகுந்து வரும். இதற்கு மாற்றாகப் பேசப்படுவதுதான் சிஓஎஃப் என்ற கரிமச் சட்டகம். கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் போன்ற லேசான அணுக்களை வலுவான பிணைப்பால் கோத்து, தேன்கூடுபோல் ஒரே அளவுத் துளைகளோடு கட்டுவது. ஓமர் யாகியின் குழு 2005-இல் முதன்முதலில் செய்து காட்டியது. உலோகம் சேர்த்துக் கட்டும் எம்ஓஎஃப் வகைக்காக யாகிக்கும் இன்னும் இருவருக்கும் 2025-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அந்த வகையில் பல, தண்ணீரில் நாள்பட நிற்பதில்லை. அதனால் இங்கே சிஓஎஃப் பற்றி மட்டும்.

சிஓஎஃப் என்றாலே தண்ணீரைத் தாங்கும் என்றும் இல்லை. 2005-இல் வந்தவை போரான் பிணைப்பு கொண்டவை, ஈரம் பட்டாலே உதிரும். 2012-இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் ராகுல் பானர்ஜியின் குழு இதற்கு ஒரு வழி கண்டது. முதலில் ஆல்டிஹைடு, அமீன் என்ற இரண்டு கரிம மூலப்பொருள்கள் சேர்ந்து பிரிந்து சேர்ந்து ஒழுங்காகக் கட்டிக்கொள்ளும். பிறகு அந்தப் பிணைப்பு உள்ளுக்குள்ளேயே வடிவம் மாறி, திரும்பப் பிரிய முடியாதபடி பூட்டிக்கொள்ளும். கொதிநீரிலும் கடும் அமிலத்திலும் அது நின்றது. நீர் வடிகட்டச் சட்டகம் என்று இன்று பேசுவதற்கே அடித்தளம் இதுதான் என்பது என் எண்ணம்.

சரி, செய்யும் முறைக்கு வருவோம். பழைய முறை, கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடி, 120 டிகிரியில் மூன்று நாள் வேகவைப்பது. நல்ல படிகம் வரும், ஆனால் பொடியாக வரும். பொடியை வைத்துத் தண்ணீர் வடிகட்ட முடியாது. பீங்கான் குழாயின் மேலேயே வளர்த்துச் சவ்வாக்கியவர்கள் உண்டு. படிகமும் படிகமும் சேரும் இடத்தில் கீறல் விட்டால் எல்லாம் வீண். ஊருக்குப் பயன்படும் அளவில் இது எனக்கு நம்பிக்கை தரவில்லை.

அடுத்தது என் மனதுக்கு மிகவும் பிடித்தது. பானர்ஜி குழு 2017-இல் வெளியிட்டது. அமீனோடு ஒரு கரிம அமிலமும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு, ஆல்டிஹைடைச் சேர்த்துப் பிசைந்தால் களிமண் பதம் வரும். கண்ணாடித் தட்டில் வைத்துக் கத்தியால் ஒரே கனமாக இழுத்து, அடுப்பில் மிதமான சூட்டில் வாட்டினால் தானாக நிற்கும் தாள் கிடைக்கும். பிறகு அமிலத்தைக் கழுவி எடுத்துவிட வேண்டும். சுடுமண் செய்யும் முறை என்றே அவர்கள் இதற்குப் பெயர் வைத்தார்கள். சூளை போடும் வண்டல் பூமியில் இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம். நச்சுக் கரைப்பான் இல்லை, பெரிய கருவி இல்லை. குறை, தாள் தடிப்பு. சில நூறு மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). அப்படியும் தண்ணீர் நன்றாகவே இறங்குகிறது, துளைகள் ஒழுங்காக இருப்பதால்.

மூன்றாவது முறை எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் கோட்டில் தோல் கட்டுவது, காய்ச்சின பாலில் ஆடை படிவதுபோல. அமீன் தண்ணீரில், ஆல்டிஹைடு எண்ணெய்போல் தண்ணீரோடு கலக்காத கரைப்பானில், இரண்டும் தொடும் இடத்தில் மட்டும் சட்டகம் வளரும். 2018-இல் ஸ்காண்டியம் உப்பை ஊக்கியாக வைத்து, 2.5 நானோமீட்டரிலிருந்து 100 மைக்ரான் வரை நினைத்த தடிமனில் படலம் செய்து காட்டினார்கள். நம் வீட்டு ஆர்.ஓ. தோலும் இதே வழியில்தான் தயாராகிறது, அதனால் ஆலைக்குக் கொண்டுபோவது இதுவே எளிது. ஆனால் குளோரின் கலந்த கரைப்பான்களை லிட்டர் லிட்டராகக் கையாள வேண்டிவரும். ஆற்றைக் காக்கக் கிளம்பி ஆற்றோரமே அதை வைத்திருப்பது எனக்கு உறுத்துகிறது.

இவை எதுவும் எங்கள் வீட்டு உப்புக்கு மருந்தாகாது. இந்தச் சட்டகங்களின் துளை பெரும்பாலும் 1 முதல் 3 நானோமீட்டர். தண்ணீரைப் போர்த்திக்கொண்ட, உப்பிலுள்ள சோடியம் அயனி முக்கால் நானோமீட்டர்கூட வராது, வாசல் திறந்த வீட்டில் நுழைவதுபோல் போய்விடும். வேதாரண்யத்துக்கு இன்றும் ஆர்.ஓ.தான், இல்லையென்றால் கொள்ளிடத்துக் கூட்டுக் குடிநீர்.

ஆனால் அந்தக் குறையே சாயத்தண்ணீரில் வரமாகிறது. பருத்திக்குச் சாயம் ஏற்றும்போது லிட்டருக்கு 50 கிராமுக்கும் மேல் உப்பு போடுவது சாதாரணம், கடல்நீரைவிட அதிகம். அதை ஆர்.ஓ.வில் விட்டால் உப்போடு மல்லுக்கட்டவே அழுத்தம் எகிறும், மின்சாரம் தீரும். சிஓஎஃப் சவ்வு உப்பை விட்டுவிட்டுச் சாயத்தை மட்டும் பிடிக்கும். இறங்கின உப்புநீரை அடுத்த சாயத்துக்கே எடுக்கலாம். திருப்பூர்ச் சாயம் நொய்யல் வழியாகவும் கரூர்ச் சாயம் அமராவதி வழியாகவும் காவிரிக்குத்தானே வந்தது? நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் திருப்பூர்ப் பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. கடைமடையில் இருக்கும் எங்களுக்கு இது பக்கத்து ஊர்ச் செய்தி இல்லை.

திருபுவனத்தில் பட்டுக்குச் சாயம் போடும் ஒரு அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். அப்போது பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு அவித்துக்கொண்டிருந்தார். கொப்பரையில் நுரை தளும்பியது. கரண்டியில் கொஞ்சம் மொண்டு காட்டி, “இந்தப் பசை உங்க ஓட்டையை அடைச்சுக்காதா தம்பி?” என்றார். அடைக்கும். பட்டுப்பசை புரதம், சவ்வின் மேல் படிந்தால் இரண்டு நாளில் தண்ணீர் இறங்காது. அவித்த நீரைச் சாயநீரோடு கலக்காமல் தனியே எடுத்தாக வேண்டும். மெல்லிய படலத்தைத் தேய்த்துக் கழுவினால் கிழியும். தடித்த சுடுமண் தாள் அந்த விதத்தில் கொஞ்சம் முரட்டுத்தனம் தாங்கும் என்று நினைக்கிறேன்.

அதனால் ஆலை வைப்பவர் என்றால் பாலாடைபோல் தோல் கட்டும் மூன்றாவது முறைக்குப் போகட்டும். பட்டறைக்காரர்களுக்கும் நம் கல்லூரி ஆய்வுக்கூடங்களுக்கும் நான் சொல்வது களிமண் முறைதான். மூலப்பொருளான அந்த ஆல்டிஹைடு இன்னும் விலை அதிகம், அது இறங்காமல் பெரிய அளவைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் உள்ளங்கை அகல வட்டம் ஒன்று செய்து, அசல் சாயத்தண்ணீரை ஒரு மாதம் விட்டுப் பார்க்க அந்த விலை தடையில்லை. தண்ணீருக்குக் கவலையில்லை, கேன் கொண்டுவந்தால் நிரப்பித் தருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார்.