ரோல் போட்டோ பேப்பரை வெட்ட: பிரஸ் மெஷினா, டிரிம்மரா, ஸ்டீல் ஸ்கேலா?

சேலத்தில் கல்யாண ஆல்பம் போடும் ஸ்டுடியோக்களும், ஏற்காட்டில் சுற்றுலா வருகிறவர்களுக்குக் கையோடு படம் கொடுப்பவர்களும் ரோலைத் தேடுவது விலைக்காக மட்டுமல்ல, கடையில் ரெடிமேடாகக் கிடைக்காத அளவுகளுக்காகவும்தான். ரோல் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் இதைப் படிக்கவே வேண்டாம். அடித்த பிறகு வெட்டுங்கள். ஏ3 பிளஸ் (13×19 இஞ்ச்) வரை எடுக்கும் மேசை பிரிண்டர் உள்ளவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு.

முதலில் கத்தியைவிடக் கணக்கு முக்கியம். 24 இஞ்ச் அகலம், 100 அடி நீள ரோலில் 12×18 எடுக்க இரண்டு வழி உண்டு. 12 இஞ்சை அகலவாக்கில் வைத்தால் வரிசைக்கு இரண்டு, மொத்தம் 132 தாள். 18 இஞ்சை அகலவாக்கில் வைத்தால் 100 தாள்தான், ஆனால் ஓரத்தில் மிஞ்சும் 6×12 துண்டுகளில் 300 எண்ணிக்கை 4×6 கிடைக்கும். காகிதத்தில் இரண்டாவது வழி அழகு. பிரிண்டரில் அப்படியில்லை.

ரோலின் வளைவு நீளவாக்கில்தான் இருக்கும். முதல் வழியில் வெட்டிய தாளை 12 இஞ்ச் முனையிலிருந்து ஊட்டினால் வளைவு தலையிலும் வாலிலும் மட்டும் தொல்லை தரும். இரண்டாவது வழியில் இரு பக்க ஓரங்களும் வளைந்து நிற்கும். தாள் உள்ளே போகும் நேரம் முழுக்க மை தெளிக்கும் ஹெட் உரசி மைக்கோடு விழ வாய்ப்பு. அதனால்தான் 36 இஞ்ச் ரோலிலும் 200 தாள் வரும் வழியை விட்டு, 198 வரும் வழியை எடுப்பது நல்லது.

இனி கருவிகள். பிரஸ்காரர்களிடம் உள்ள கட்டிங் மெஷின் வேகமானது, ஆனால் ரோலை அப்படியே தூக்கிக்கொண்டு போனால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. அது அடுக்கிய தாளை வெட்டும் மெஷின். கடைசி வெட்டுக்குக் கால் இஞ்ச் கூட்டி 18¼ இஞ்ச் துண்டுகளாக நீங்களே வெட்டி (அப்போது 65 வரிசை, 130 தாள்), இரவு முழுக்கப் பாரம் வைத்துத் தட்டையாக்கிக் கொடுக்க வேண்டும். ஆர்.சி. (ரெசின் கோட்டட்) போட்டோ பேப்பரின் இருபுறமும் பாலிஎத்திலீன் பூச்சு இருப்பதால் அடுக்கு வழுக்கும். ஒரே தடவையில் 100 தாளை வைத்தால் மேல் தாளுக்கும் அடித் தாளுக்கும் அளவு மாறும். 25 தாளுக்கு மேல் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பளபளப்பான பக்கம் மேலே, அதன் மேல் ஒரு வேஸ்ட் அட்டை. இல்லையென்றால் அடுக்கைப் பிடிக்கும் கிளாம்ப் அழுத்திய தடம் படத்தில் தெரியும். கத்தி சாணை பிடித்தது எப்போது என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். மழுங்கிய கத்தி மை உறிஞ்சும் பூச்சை ஓரத்தில் நொறுக்கும். அந்தத் துகள் மேல் மை விழுந்து, பிறகு துகள் உதிர்ந்தால் படத்தில் வெள்ளைப் புள்ளி. முகூர்த்த மாதங்களில் பத்திரிகை வேலை குவிந்திருக்கும்போது இவ்வளவு பொறுமையை எதிர்பார்க்கவும் முடியாது.

உருளும் வட்டக் கத்தியால் வெட்டும் ரோட்டரி டிரிம்மர் மெதுவானது, ஆனால் ஓரம் சுத்தம். 24 இஞ்ச் ரோலுக்கு வெட்டு நீளம் குறைந்தது 26 இஞ்ச் இருக்கட்டும். பெட்டியில் பத்து தாள் என்று போட்டிருந்தால் அது சாதா ஜெராக்ஸ் பேப்பருக்கு, 260 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 260 கிராம்) பேப்பருக்கு ஒரு தாள், மிஞ்சினால் இரண்டு. மாதம் ஓரிரு ரோல் ஓடும் இடத்துக்கு இதுவே போதும்.

ஸ்டீல் ஸ்கேலும் கட்டரும் பத்து இருபது தாளுக்குச் சரி. படப் பக்கத்திலிருந்தே கீறுங்கள், பிசிறு பின்பக்கம் போய்விடும்.

ரோலை முழுசாக மரக்கடை ரம்பத்தில் அறுத்து இரண்டு சின்ன ரோலாக்கும் யோசனை சிலருக்கு வரும். வேண்டாம். சூட்டில் பிளாஸ்டிக் பூச்சு உருகி ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தூள் உள்ளே வரை ஏறும்.

எதில் வெட்டினாலும் மூலை மட்டம் பாருங்கள். 12×18 தாளின் இரு மூலைவிட்டமும் 549 மி.மீ. அளவில் சமமாக இருக்க வேண்டும். டேப் இல்லையென்றால் இரண்டு தாளை எடுத்து ஒன்றைக் கவிழ்த்து மற்றதன் மேல் வையுங்கள்; கோணல் இரண்டு மடங்காகக் கண்ணில் படும். கோணலான தாள் பிரிண்டருக்குள் சாய்ந்தே போகும். பார்டர்லெஸ் (ஓரத்தில் வெள்ளை விடாமல் அடிப்பது) சில அளவுகளுக்கு மட்டுமே கிடைக்கும் என்பதால், கம்ப்யூட்டரில் உள்ள பிரிண்டர் டிரைவரில் அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகே கத்தியை எடுங்கள்.

ஏற்காட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் சேலத்திலேயே வெட்டி, பாலிதீன் உறையில் காற்றுப் புகாமல் கட்டிவிடுவது நல்லது. மலையில் பனிமூட்ட நாளில் திறந்து வைத்த தாளின் வெட்டு ஓரம் ஈரம் குடித்து அலை அலையாக நிற்கும். உறையையும் போனவுடன் பிரிக்காமல், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்து, அன்றைய தேவைக்கு மட்டும் எடுங்கள். ரோலின் உள்குழாயை ஒட்டிய கடைசி சில அடிகள் எவ்வளவு பாரம் வைத்தாலும் முழுசாக நிமிராது. அதை 4×6 ஆக்கி, கலர் பார்க்கும் டெஸ்ட் பிரிண்டுக்கு ஒதுக்கிவிடலாம்.