புதன்கிழமை ஊசியா, பெயின்லெஸ் ஊசியா?

பிள்ளைக்கு ஒன்றரை மாதம் நெருங்கும்போது சென்னையில் பல வீடுகளில் இந்தப் பேச்சு வரும். தடுப்பூசியை மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுவதா, பிரசவம் பார்த்த தனியார் மருத்துவமனையிலேயே போடுவதா? எங்கள் மூத்தவளுக்குத் தனியாரில் போட்டோம், இளையவனுக்குச் சுகாதார நிலையத்தில். இரண்டையும் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அடிப்படைத் தடுப்பூசிகளுக்கு நான் சுகாதார நிலையத்தின் பக்கம். அதற்குப் பெரிய காரணம் பணம் என்று நினைக்க வேண்டாம். காரணம் வேறு, அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்ததை முடித்துவிடலாம். சுகாதார நிலையத்தில் எல்லாம் இலவசம். தனியாரில் ஆறு நோய்களுக்கான ஒரே ஊசி மட்டும் 3,000 ரூபாயைத் தாண்டும். நிமோனியா ஊசியும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தும் அதற்கு மேல் தனிக் கணக்கு. அங்கே நேரம் குறித்துக்கொண்டு போகலாம், ஞாயிற்றுக்கிழமைகூடப் போடுகிறார்கள், குழந்தை மருத்துவரே எடை பார்த்துப் பேசுவார். சுகாதார நிலையத்தில் தடுப்பூசிக்குப் புதன்கிழமைதான் முக்கியமான நாள். வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு அது நிஜமான சிரமம், பாட்டி தாத்தா துணைக்கு இல்லாத வீட்டில் இன்னும் சிரமம். காலையில் சீக்கிரம் போனால் கூட்டம் குறைவு.

தரத்தைப் பற்றிய சந்தேகம்தான் பலரைத் தடுக்கிறது. 'ஓசியில் போடுற ஊசி எப்படி இருக்குமோ' என்று எங்கள் அத்தையும் முதலில் தயங்கினார். பயப்பட அவசியமில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் புது சிரிஞ்சு, ஒரு முறை போட்டால் தானாகப் பூட்டிக்கொண்டு மறுபடி இழுக்க வராத வகை. மருந்துக் குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து வெப்பத்தால் கெடவில்லை என்று அர்த்தம். வெப்பம் பட்டுக் கெட்டால் சதுரம் கறுத்து வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிடும், அதைப் போடவே மாட்டார்கள். சித்திரை வெயிலும் கரன்ட் கட்டும் உள்ள ஊரில் இது பெரிய நிம்மதி. காட்டச் சொல்லிக் கேட்டால் சிஸ்டர்கள் காட்டுகிறார்கள்.

'நிமோனியா ஊசிக்குத் தனியாரிடம்தான் போகணும்' என்பதும் பழைய கதை. ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி அரசுத் திட்டத்தில் 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் வந்தது. ரோட்டா சொட்டு மருந்து 2017ல் இங்கே சேர்ந்தது, நிமோனியாவைத் தடுக்கும் நிமோகோக்கல் ஊசி 2021ல்.

இப்போது ஆறாவது வாரத்தில் சுகாதார நிலையத்தில் பென்டாவேலன்ட் ஒரு தொடையில், நிமோகோக்கல் மறு தொடையில், போலியோ ஊசி மேல் கையில் தோலுக்குள் மிகக் கொஞ்சமாக. கூடவே போலியோவுக்கும் ரோட்டாவுக்கும் வாய்வழி மருந்து. அதாவது மூன்று குத்து. தனியாரில் ஆறு நோய் ஊசிக்குள்ளேயே போலியோ அடக்கம் என்பதால் இரண்டு குத்து. மூன்று குத்தையும் பார்த்துக்கொண்டு நிற்பது அம்மாவுக்குக் கஷ்டம்தான். ஆனால் அழுகை, பால் கொடுத்ததும் சில நிமிடங்களில் அடங்கிவிடுகிறது. நான் யோசித்தது அன்று ராத்திரி வரும் காய்ச்சலைப் பற்றித்தான்.

பெயின்லெஸ் என்று தனியாரில் சொல்லும் ஊசியும் குத்தும்போது வலிக்கத்தான் செய்யும். அந்தப் பெயர் அதற்குப் பிறகு வரும் காய்ச்சலும் வீக்கமும் குறைவு என்பதால் வந்தது. வித்தியாசம் கக்குவான் இருமலுக்கான பகுதியில் இருக்கிறது. அரசு ஊசியில் அந்தக் கிருமியைக் கொன்று முழுதாகவே சேர்த்திருப்பார்கள். பெயின்லெஸ் ஊசியில் கிருமியிலிருந்து பிரித்துச் சுத்தம் செய்த சில புரதங்கள் மட்டும் இருக்கும். ஒரு ஆளை முழுசாகக் காட்டி அடையாளம் சொல்வதற்கும் மூக்கையும் காதையும் மட்டும் காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு என்று வைத்துக்கொள்ளலாம். முழுக் கிருமி போகும்போது உடம்பு பலமாக எதிர்க்கிறது, அதனால்தான் காய்ச்சல். புரதம் மட்டும் போனால் உடம்பு அதிகம் அலட்டிக்கொள்வதில்லை.

இரண்டுமே குழந்தைப் பருவத்தில் நன்றாகப் பாதுகாக்கின்றன. வேறுபாடு சில வருடங்கள் போனபிறகு தெரிகிறது. அமெரிக்கா 1990களில் முழுவதுமாகப் புரத ஊசிக்கு மாறியது. 2010ல் கலிஃபோர்னியாவில் 9,000 பேருக்கு மேல் கக்குவான் இருமல் வந்தது, பச்சிளம் குழந்தைகள் சிலர் இறந்தே போனார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1998ல் பிறந்த பிள்ளைகளைப் பின்னாளில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதல் ஊசியாக முழுக் கிருமி ஊசி போட்டவர்களைவிடப் புரத ஊசி போட்டவர்களுக்கே கக்குவான் அதிகம் வந்திருந்தது. புரத ஊசியின் பாதுகாப்பு சீக்கிரம் குறைகிறது என்பது இப்போது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். முழுக் கிருமி ஊசி போட்டுவரும் நாடுகள் முதல் மூன்று தவணைகளுக்கு அதையே தொடர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்னது.

எனக்கு இது ஏன் இவ்வளவு பெரிதாகப் பட்டது என்றால், கக்குவான் பெரிய பிள்ளைகளுக்கு வந்தால் விடாத இருமல், மூன்று மாதத்துக்குள் உள்ள கைக்குழந்தைக்கு வந்தால் மூச்சே நின்றுவிடலாம். பள்ளிக்குப் போகும் மூத்த பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவருவதும் உண்டு. நாளைக்கு வேறொரு பச்சைக் குழந்தை வரக்கூடிய வீட்டில், ஒரு ராத்திரிக் காய்ச்சலைத் தவிர்ப்பதற்காகப் பல வருடப் பாதுகாப்பில் கை வைக்க எனக்கு மனமில்லை. மூத்தவளுக்குப் புரத ஊசிதான் போட்டிருந்தது, அவளுக்குக் காய்ச்சல் வரவே இல்லை, உண்மைதான். அவளுடைய ஐந்து வயது பூஸ்டரைத் தள்ளிப்போடாமல் போட்டுவிட்டோம்.

அந்த ராத்திரி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும். சிஸ்டர் கிளம்பும்போதே சொல்லிவிட்டார்: "நைட்டு காய்ச்சல் வரும்மா, பயப்படாதீங்க. பால் விடாம குடுங்க. ஒத்தடம் மட்டும் வேணாம்." சாயங்காலமே உடம்பு சுடத் தொடங்கியது. தொடை சிவந்து கல் மாதிரி இருந்தது. அத்தை ஒத்தடத்துக்குத் துணியை எடுத்துவிட்டார், சிஸ்டர் சொன்னதைச் சொல்லி நிறுத்தினேன். ஈரத்துணியை மட்டும் மேலே வைத்தோம். பாராசிட்டமால் கொடுத்தோம். இதில் ஒரு எச்சரிக்கை: அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் சிரப்பைவிடச் செறிவு பல மடங்கு அதிகம், சிரப் அளவைப் பார்த்துச் சொட்டு மருந்தைக் கொடுத்துவிடக் கூடாது. எத்தனை மில்லி என்று அங்கேயே கேட்டு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சல் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் விட்டுவிடும். மூன்று மணி நேரத்துக்கு மேல் சமாதானப்படுத்தவே முடியாமல் வீறிட்டு அழுதாலோ, வலிப்பு வந்தாலோ, குழந்தை துவண்டு போனாலோ, பால் குடிக்க மறுத்தாலோ ராத்திரி என்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை எந்நேரமும் இருக்கிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் பிள்ளைகள் இருவரும் மாதம் நிறைந்து பிறந்தவர்கள். குறை மாதக் குழந்தைக்கோ, வலிப்பு வந்த குழந்தைக்கோ, முந்தைய தவணையில் கடுமையான எதிர்விளைவு கண்ட குழந்தைக்கோ என் அனுபவம் உதவாது. அங்கே குழந்தை மருத்துவர் புரத ஊசியைச் சொன்னால் அதுதான் சரி. அதேபோல, பெயின்லெஸ்தான் வேண்டும் என்று தனியாருக்குப் போகிறவர்களும் எந்த வகை என்று கேட்டுப் போடுங்கள். ஆறு நோய் ஊசியிலும் முழுக் கிருமி வகை உண்டு.

தனியாரை நான் முழுக்க விட்டுவிடவும் இல்லை. அரசுத் திட்டத்தில் ஒன்பதாம் மாதம் போடுவது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்குமான ஊசி, பொன்னுக்கு வீங்கி அதில் கிடையாது. டைஃபாய்டு, சின்னம்மை, ஹெபடைடிஸ் ஏ ஊசிகளும் தனியாரில்தான். இவற்றில் டைஃபாய்டு ஊசியைத் தவறவிட வேண்டாம் என்பேன். கேன் தண்ணீரும் லாரித் தண்ணீரும் வெளிச் சாப்பாடும் இல்லாமல் இந்த ஊரில் பிள்ளை வளர்க்க முடியாது, ஆறு மாதம் முடிந்ததும் அதைப் போடலாம். பொன்னுக்கு வீங்கியும் பள்ளிகளில் வந்துகொண்டேதான் இருக்கிறது. ஃப்ளூ ஊசியை வருடா வருடம் போட வேண்டும் என்கிறார்கள், நாங்கள் தொடர்ந்து போட்டதில்லை என்பதால் அதில் கருத்துச் சொல்ல மாட்டேன்.

இரண்டு இடத்திலும் மாறி மாறிப் போடுவதாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே அட்டையில் எழுதச் சொல்லுங்கள். தனியாரில் அவர்கள் கொடுக்கும் வண்ணப் புத்தகத்தில் எழுதுவார்கள், சுகாதார நிலையத்து சிஸ்டருக்கு அது தெரியாது. பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த மூன்று நோய் ஊசியைத் தனியாரில் போட்டுவிட்டு, அது தெரியாமல் அடுத்த புதன்கிழமை தட்டம்மை ஊசிக்கு வரிசையில் நிற்கும்படி ஆகிவிடும். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனவர்களும் அங்கே காசநோய்க்கான பி.சி.ஜி., முதல் போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி மூன்றும் போட்ட தேதியை எழுதி வாங்கி வந்தால் போதும், மீதியைச் சென்னையில் எந்தச் சுகாதார நிலையத்திலும் தொடரலாம்.