பாமினியும் கிளிப்போர்டும்: பைப்பர்கிளிப்போடு சில வருடங்கள்

பழைய வேர்டு கோப்புகளில் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த உரையை யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு மாற்றுவதுதான் என் வேலையில் பாதி. எழுத்து மாற்றத்தை ஓப்பன்-தமிழ் என்ற நிரல் நூலகம் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) பார்த்துக்கொள்கிறது. நான் உரையை நகலெடுத்து, ஒரு ஹாட்கீயை (குறுக்குவழி விசையை) தட்டி, வேண்டிய இடத்தில் ஒட்டுகிறேன். நடுவில், நகலெடுத்தது தற்காலிகமாகத் தங்கும் கிளிப்போர்டை எடுத்துக் கொடுக்கும் பைத்தான் நிரல் பைப்பர்கிளிப்பை நம்பி சில வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அல் ஸ்வைகார்ட் எழுதிய சின்ன நூலகம் இது. காப்பி, பேஸ்ட் என்ற இரண்டு செயற்கூறுகள் தெரிந்தால் போதும், அன்றே வேலையை ஆரம்பித்துவிடலாம். விண்டோஸில் கூடுதலாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. யூனிகோடு தமிழ் உள்ளே போனபடியே வெளியே வருகிறது. கேள்விக்குறியாக மாறியதை நான் பார்த்ததில்லை.

ஆனால் அது எழுத்தை மட்டும்தான் தரும். பாமினிக்காரர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. வேர்டில் 'தமிழ்' என்று அழகாகத் தெரியும் பாமினிச் சொல்லை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்: சின்ன எழுத்தில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. அதைத் தமிழாகக் காட்டியது எழுத்துரு. வெறும் உரையில் எழுத்துருவின் பெயர் ஒட்டிக்கொண்டு வராது. அதனால் எது பாமினி, எது அசல் ஆங்கிலம் என்று நிரலுக்குத் தெரிய வழியில்லை. பத்திக்கு நடுவே ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதையும் தமிழாக்கி, வாயில் நுழையாத ஒன்றாகத் திருப்பித் தரும்.

இத்தனைக்கும் அந்தத் தகவல் கிளிப்போர்டிலேயே இருக்கிறது. வேர்டில் ஒரு பத்தியை நகலெடுத்தால் அது வெறும் உரை, எழுத்துருப் பெயரையும் சுமக்கும் ஆர்டிஎஃப், எச்டிஎம்எல் என்று பல வடிவங்களில் ஒரே சமயத்தில் அங்கே போய் உட்காரும். எதை எடுப்பது என்பது ஒட்டுகிற நிரலின் விருப்பம். பைப்பர்கிளிப் முதல் வடிவத்தோடு நின்றுவிடுகிறது. அதனால் எடுக்கும் வேலைக்கு மட்டும் பைவின்32 என்ற விண்டோஸ் நூலகத்துக்கு மாறினேன். எச்டிஎம்எல் வடிவத்தை வாங்கி, எழுத்துருப் பெயர் பாமினியாக இருக்கும் துண்டுகளை மட்டும் மாற்றுகிறேன். மின்னஞ்சல் முகவரிகள் இப்போது தப்பித்துக்கொள்கின்றன.

இந்த எச்டிஎம்எல் வடிவத்தில் ஒரு பொறி உண்டு. அதன் தலைப்பில், நாம் நகலெடுத்த பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எண்கள் இருக்கும். அவை எழுத்துக் கணக்கு அல்ல, பைட் கணக்கு. 'தமிழ்' என்ற சொல் யூனிகோடில் 5 குறியீடுகள். அதைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் அது 15 பைட். பைட்டுகளைச் சரமாக (எழுத்துகளின் வரிசையாக) மாற்றிவிட்டு அந்த எண்களை வைத்து வெட்டினால், ஆங்கிலக் கோப்பில் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். யூனிகோடு தமிழ் கலந்த கோப்பில் வெட்டு இடம் மாறிப்போகும். முதலில் பைட்டாகவே வெட்டிவிட்டு அப்புறம் சரமாக்க வேண்டும்.

விண்டோஸில் இன்னொரு சங்கடம்: கிளிப்போர்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் திறந்து வைத்திருக்க முடியும். பொதுத் தொலைபேசிக் கூண்டு மாதிரி. உள்ளே ஆள் இருந்தால் வெளியே நிற்க வேண்டியதுதான். பைப்பர்கிளிப் அரை விநாடி வரை திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கும். பைவின்32 பிழையைத் தூக்கி முகத்தில் எறியும், காத்திருப்பதை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். முடித்ததும் மூடிவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வீட்டு மடிக்கணினியில் லினக்ஸ். அங்கே திரையைக் கவனிக்கும் அமைப்பு எக்ஸ்11 என்றால் எக்ஸ்கிளிப் அல்லது எக்ஸ்செல், வேலண்ட் என்றால் டபிள்யூஎல்-கிளிப்போர்டு, இந்தச் சின்னக் கருவிகளில் ஒன்றை நிறுவாவிட்டால் பைப்பர்கிளிப் பெரும்பாலும் கையை விரித்துவிடும். எக்ஸ்11இல் உரையை அமைப்பு தன்னிடம் வாங்கி வைத்துக்கொள்வதில்லை. நகலெடுத்த நிரலே அதை வைத்திருந்து, யாராவது கேட்கும்போது கொடுக்கும். நகல்களைத் தன்னிடம் சேமித்து வைக்கும் கிளிப்போர்டு மேலாளர் எதுவும் ஓடாத நிலையில் அந்த நிரலை மூடினால் உரையும் போச்சு. எக்ஸ்கிளிப் பின்னணியில் சத்தமில்லாமல் உயிரோடு இருப்பது இதற்காகத்தான். பைத்தானின் சாளர நூலகமான டிகேஇன்டரில் நகலெடுத்துவிட்டு உடனே சாளரத்தை மூடுபவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

கிளிப்போர்டில் புதிதாக எது வந்தாலும் தானாக மாற்றும்படி செய்யலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பைப்பர்கிளிப்பின் சில பதிப்புகளில் அதற்கும் ஒரு செயற்கூறு உண்டு. எனக்கு அது வேண்டாம். கடவுச்சொல்லும் வங்கிக் கணக்கு எண்ணும் அதே வழியில்தான் போகின்றன. எந்நேரமும் எட்டிப் பார்க்கும் நிரல் ஒன்றை நானே ஏன் ஓட்ட வேண்டும்? ஹாட்கீ என்றால் நான் தட்டினால்தான் பார்க்கும்.

மாற்றிய உரையைத் திருப்பி வைக்க இன்னும் பைப்பர்கிளிப்தான். தடித்த எழுத்து, நிறம் எல்லாம் அதில் போய்விடும். பழைய கோப்புகளின் அலங்காரத்தைப் பார்த்தவர்கள் அதற்காக வருந்த மாட்டார்கள். விண்டோஸ் விசையோடு வி அழுத்தினால் வரும் கிளிப்போர்டு வரலாறு கடைசி 25 உருப்படிகளை வைத்திருப்பதால், மாற்றம் சொதப்பினால் மூலத்தை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். யாருடைய அந்தரங்கக் கோப்பாவது மேசைக்கு வரும் நாளில் மட்டும் அந்த வரலாற்றை அணைத்து வைக்கிறேன்.