ஷவர் கண்ணாடி பாலிஷ் சர்வீஸ்: உப்புக்கறைக்கு நல்ல ரிசல்ட்

சென்னை ஓஎம்ஆர் பக்கம் போர் தண்ணி யூஸ் பண்றவங்களுக்குத் தெரியும், ஷவர் கண்ணாடி சீக்கிரமே வெள்ளையா பூத்துடும். வினிகர், எலுமிச்சை எல்லாம் மேலாப்புல இருக்குற உப்புக்குத்தான் கேக்கும், உப்பு கண்ணாடியையே அரிச்சிருந்தா பாலிஷ்தான், அதான் ஆள் கூப்பிட்டோம்.

வந்த அண்ணா மொதல்ல கண்ணாடில ஏற்கெனவே இருந்த ஒரு கீறல் மேல நகத்தை ஓட்டிப் பாத்தாரு, நகம் மாட்டுச்சுன்னா ஆழம் ஜாஸ்தி, தேச்சு எடுத்தா அந்த எடம் குழிஞ்சு அந்தப் பக்கம் இருக்குறது நெளிஞ்சு தெரியும், இதை விட்டுரலாம் மேடம்னு ஓப்பனா சொல்லிட்டாரு. காசுக்காக எதையும் செய்யாத அந்தக் குணம் எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு. அப்புறம் சீரியம் ஆக்சைடுங்கற கண்ணாடி பாலிஷ் பவுடரை மோர் பதத்துக்குக் கரைச்சு, கம்பளி மாதிரி இருக்குற ஃபெல்ட் பேட் மாட்டின மெஷின்ல நிதானமா தேச்சாரு, சூடேறினா கண்ணாடி விரிசல் விடும்னு நடுநடுல தண்ணி அடிச்சு, பொறங்கையை வச்சுப் பாத்துப் பாத்துதான் வேலை நடந்துச்சு.

கறை சுத்தமா போயிடுச்சு. சிலிகான் ஓரத்துல மட்டும் மெஷின் போகல, லேசா கோடு தெரியுது, தெறிச்ச பவுடரை டைல்ஸ் இடுக்குல இருந்து நாங்களே கழுவ வேண்டியதாப் போச்சு. உங்க கண்ணாடில தண்ணி ஒட்டாம இருக்கப் போடுற கோட்டிங் இருந்தா மொதல்லயே சொல்லிடுங்க, பாலிஷ் போட்டா அதுவும் சேந்து போயிடும்.