ரோஸ் ஹில் ஃபின்னிஷ் வகுப்பு: வினையெச்சப் பாடத்துக்காகவே சேரலாம்

மொரீசியஸ் ரோஸ் ஹில்லில் சனிக்கிழமை நடக்கும் இந்த வகுப்பின் பலமே வினையெச்சப் பாடம்தான். 'படிக்க விரும்புகிறேன்', 'படிக்கப் போகிறேன்' இரண்டிலும் நமக்கு ஒரே 'படிக்க', பிரெஞ்சிலும் அப்படித்தான். ஃபின்னிஷில் முதலாவது 'ஹலுவன் லுகெஅ', இரண்டாவது 'மெனென் லுகெமான்'. நம் பிள்ளைகள் சறுக்கும் இடம் இதுவே. ஆசிரியர் சொல்லித்தரும் வழி அருமை: 'அவர்கள் படிக்கிறார்கள்' என்ற 'லுகெவத்'தை எடுங்கள், 'வத்'தை வெட்டுங்கள், 'மான்' சேருங்கள். 'நான் படிக்கிறேன்' என்ற 'லுவென்'னிலிருந்து தொடங்கினால் நடுவிலுள்ள ககரம் விழுந்து 'லுவெமான்' என்று தப்பாக வரும். 'லுகெமத்த' அப்படியே நம் 'படிக்காமல்', சட்டென்று பிடிபடும்.

அச்சிட்ட தாள்கள்தான் பழையவை. வினையெச்சங்களுக்கு முதல், இரண்டாம், மூன்றாம் என்ற எண்கள் மட்டுமே இருக்கின்றன. 2004இல் வந்த ஃபின்னிஷ் பேரிலக்கணம் அவற்றை அ, எ, ம வினையெச்சங்கள் என்று அழைப்பதைச் சொல்வதில்லை. புதிய புத்தகத்தைத் திறந்தால் குழம்பும். 'தொடங்கு' என்னும் 'அல்கா'வுக்குப் பின் 'மான்' வரவே கூடாது என்றும் போட்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே 'மான்' வருவதை ஃபின்லாந்து மொழி வாரியம் 2014இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. சேருகிறவர்கள் தாளில் இந்த இரண்டையும் கையால் திருத்திக்கொள்ளுங்கள்.