மே கடைசியில் கத்தரி: கன்று வாங்குவதா, விதை போடுவதா?

மே மாத விக்டோரியா தின விடுமுறை நெருங்கினால் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நம்மவர் கடை வாசல்களில் கத்தரி, மிளகாய், தக்காளிக் கன்றுகள் வந்துவிடும். உள்ளே போனால் அதே மரக்கறிகளின் விதைப் பைக்கற்றுகள். வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்கு நாலடியில் ஒரு பாத்தி வைத்திருக்கிறேன். முதல் இரண்டு கோடையும் விதை போட்டேன், அதற்குப் பிறகு கன்றுதான். இந்த வருடமும் கன்றே வாங்கினேன்.

விதை மலிவு, ஒரு கன்றின் காசுக்கு ஒரு பைக்கற் விதை வந்துவிடும். இனங்களும் விதையில்தான் அதிகம். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆனால் ரொறன்ரோவில் கத்தரிக்குப் பணத்தை விட நாள்தான் பெரிய கணக்கு. மே 25ஆம் தேதி விதை போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். முளைக்க ஒன்றிரண்டு வாரம். நட்டுவிடும் அளவுக்குக் கன்றாக இன்னும் ஆறு முதல் எட்டு வாரம். அதற்குள் யூலை முடிந்துவிடும். அங்கிருந்து முதல் காய்க்கு இரண்டு, இரண்டரை மாதம். ஆக, காயைக் காண ஒக்டோபர் ஆகிவிடும். செப்டெம்பர் கடைசியிலேயே இரவுகள் 10 பாகைக்கு இறங்கத் தொடங்கும். கத்தரிக்கு அந்தக் குளிர் ஆகாது.

என் முதல் வருடச் செடி செப்டெம்பர் நடுவில் தொடையளவு உயரம் நின்றது. இலையெல்லாம் அகலம், ஊதாப் பூ எட்டோ ஒன்பதோ. தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு பூவும் காம்பில் மஞ்சளாகி, தொட்டாலே கையோடு வந்தது. கடைசியில் கிடைத்தது கோழிமுட்டை அளவில் ஒரே ஒரு காய். செடியில் ஒரு குறையும் இல்லை, கோடைதான் போதவில்லை. யூன் முதல் வாரத்தில் கன்றாக நட்டால் ஓகஸ்ட் நடுவிலேயே கறிக்குக் காய் பறிக்கலாம். குளிர் வரும்வரை வாராவாரம் கிடைக்கும். மிளகாய்க்கும் இதே கணக்குத்தான்.

கன்று வாங்குபவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். பூ வந்துவிட்ட நெடிய கன்றை விட்டு, தண்டு தடித்த குட்டைக் கன்றை எடுங்கள். சாடியின் அடியைத் திருப்பிப் பாருங்கள்: வேர் துளை வழியே வெளியே வந்து சுற்றிக்கொண்டிருந்தால் அது அதிக நாள் அடைபட்டுக் கிடந்த கன்று. அப்புறம், கொண்டு வந்த அன்றே நடாதீர்கள். கண்ணாடிக் கூடாரத்தில் வளர்ந்த பிள்ளை அது. ஒரு முறை அவசரப்பட்டு நட்டேன். மூன்றாம் நாள் இலைகள் காகிதம் போல வெளுத்துவிட்டன. முதலில் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் வெயில் என்று ஒரு வாரம் பழக்கினால் போதும்.

வெண்டியும் பயிற்றையும் வேறு கதை. வெண்டியின் ஆணிவேருக்கு இடம் மாற்றுவது பிடிக்காது. விதையை இரவு ஊறவைத்து, மண் சூடேறிய பிறகு நேரே பாத்தியில் போடுங்கள்; இரண்டு மாதத்துக்குள் காய்க்கும். மண் குளிர்ந்திருந்தால் விதை அழுகிவிடும், அதனால் யூன் வரை பொறுப்பது நல்லது.

பாகலை ஒரே ஒரு கோடைதான் வைத்தேன், அதுவும் கன்றாக. யூலை வரை அசையாமல் நின்றுவிட்டு அதன் பிறகுதான் பந்தலில் ஏறியது. விதை போட்டிருந்தாலும் அதை எட்டிப் பிடித்திருக்குமோ என்று ஒரு செடியை வைத்துச் சொல்லத் துணிவில்லை.

ஊரிலிருந்து வந்த கத்தரி இனம்தான் வேண்டும் என்றால் விதைதான் வழி. அதை மார்ச் கடைசியிலேயே வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் முளைக்க வைத்திருக்க வேண்டும். மே கடைசியில் கையில் அந்த விதை இருந்தால், காற்றுப்புகாத போத்தலில் போட்டு அடுத்த மார்ச்சுக்கு வைத்துவிடுங்கள். என்னிடமும் அப்படி ஒரு போத்தல் இருக்கிறது. இந்த வாரம் பாத்திக்குப் போவது ஆறு கத்தரிக் கன்றும் நாலு மிளகாய்க் கன்றும்தான்.