கோயங்காவின் பத்து நாளா, மகாசியின் குறிப்பு முறையா?

இந்த இரண்டு பௌத்த தியான முறைகளிலும் பத்துப் பத்து நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். 2018இல் சென்னைத் திருமுடிவாக்கம் பக்கம் இருக்கும் தம்ம சேதுவில் கோயங்கா முறை விபாசனா. ஐந்து வருடம் கழித்து, கொழும்புக்கு வெளியே கந்துபொடவில் மகாசி முறை. இன்றைக்கு வீட்டில் நான் செய்வது இரண்டாவதைத்தான். அதனால் இதை நடுநிலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டுமே பர்மாவிலிருந்து வந்தவை. சத்ய நாராயண கோயங்கா 1924இல் மாண்டலேயில் பிறந்த வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. தீராத ஒற்றைத் தலைவலியோடு அலைந்து, 1955இல் ரங்கூனில் சயாஜி ஊ பா கினிடம் போய்ச் சேர்ந்தார். ஊ பா கின் காவி கட்டியவர் இல்லை. பர்மா அரசாங்கத்தின் அக்கவுண்டன்ட் ஜெனரல். தன் அலுவலக ஊழியர்களுக்கே தியானம் சொல்லிக்கொடுத்தவர். ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிற எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. கோயங்கா 1969இல் இந்தியா வந்து முகாம்கள் நடத்தத் தொடங்கினார். மகாசி சயாடோ (1904–1982) பிக்கு. 1949இல் அழைப்பின்பேரில் ரங்கூனுக்கு வந்து கற்பித்தார். அவருடைய முறை ஐம்பதுகளிலேயே இலங்கைக்கும் வந்துவிட்டது. இருவரும் கைகாட்டுவது, விழிப்போடு கவனிப்பதைப் பற்றிப் புத்தர் சொன்ன ஒரே ‘சதிபட்டான சுத்த’ என்ற சூத்திரத்தைத்தான். நுழைகிற வாசல்தான் வேறு.

பணம், சாப்பாடு, மௌனம் இதிலெல்லாம் பெரிய வித்தியாசம் இல்லை. கட்டணம் கிடையாது, விருப்பப்பட்டால் தானம். போனை ஓரம்கட்டிவிட வேண்டும். ராத்திரிச் சாப்பாடு இல்லை. இரண்டாம் நாளுக்கே அது பழகிவிடும்.

கோயங்கா முகாமில் காலை நாலு மணிக்கு மணி அடிக்கும். முதல் மூன்று நாளும் மூச்சு மட்டும்தான். மூக்குக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே உள்ள அந்தத் துண்டு இடத்தில் என்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டும். நாலாம் நாள் விபாசனா. உச்சந்தலையிலிருந்து பாதம்வரை அங்குலம் அங்குலமாக உடம்பை மனத்தால் தடவிக்கொண்டே போவது. அதன்பின் தினம் மூன்று முறை அதிட்டானம்: ஒரு மணி நேரம் கையை, காலை அசைக்காமல், கண்ணைத் திறக்காமல். புத்த நூல்களின் பாலி மொழியில் ‘வேதனா’ என்றால் சுகம், துக்கம், இரண்டுமில்லாதது என மூன்றும் அடக்கம். தமிழ் ‘வேதனை’யில் வலி மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. ஐந்தாம் நாள் என் வலது முட்டி முழுக்க முழுக்கத் தமிழ்தான் பேசியது. ஆனால் ஏழாம் நாள் சாயங்காலம், அந்த வலியையே உற்றுப் பார்த்தபோது அது கல் மாதிரி ஒரே கட்டியாக இல்லை. சூடு, துடிப்பு, இழுப்பு என்று பிரிந்து பிரிந்து வந்து போனது. எதையும் கற்பனை செய்யச் சொல்லாமல் அதைக் காட்டிக்கொடுத்த முறைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

மகாசி முறையில் கவனம் வயிற்றில். மூச்சு வாங்கினால் வயிறு எழும்பும், விட்டால் தாழும். அதை மனத்துக்குள் பெயர் சொல்லிக் குறித்துக்கொள்ள வேண்டும். நடுவில் நாய் குரைத்தால் ‘கேட்கிறது’. பக்கத்து வீட்டுக் கடன் ஞாபகம் வந்தால் ‘நினைப்பு’. ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் நடை: தூக்கு, நகர்த்து, வை. தாய்மொழியிலேயே குறிக்கச் சொன்னார்கள். முதல் நாள் ‘எழும்புகிறது, தாழ்கிறது’ என்று செந்தமிழில் ஆரம்பித்தேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த மூச்சு வந்து நின்றது. இரண்டாம் நாள் ‘உப்புது, அமுங்குது’ ஆனதும் சரியாகிவிட்டது.

இன்னொரு வித்தியாசம், இங்கே பிக்குவிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். என்ன வந்தது, எப்படிக் குறித்தாய், குறித்ததும் அது என்ன ஆயிற்று, இந்த மூன்றே கேள்விதான். ஆறாம் நாள் கண்ணை மூடினதும் வெள்ளையாய் ஒரு வெளிச்சம் வந்தது என்று ரொம்பப் பூரிப்போடு போய்ச் சொன்னேன். அவர் விரலால் வெற்றிலைக் கறை இல்லாத பல்லைத் தட்டிக்கொண்டே, “அதைக் குறித்தாயா?” என்றார். இல்லை. “அப்புறம்?” அப்புறம் ஒன்றுமில்லை, எழுந்து வந்துவிட்டேன். கோயங்கா முகாமிலும் ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கலாம். ஆனால் பாடத்தைப் பெரும்பாலும் ஒலிநாடாவும் ராத்திரி வீடியோ உரையும்தான் நடத்துகின்றன. எல்லோருக்கும் ஒரே பாடம் ஒரே தரத்தில் கிடைப்பது அதன் பலம். எனக்கு என்னை விசாரிக்க ஒருவர் தேவைப்பட்டார்.

சரி, நான் மாறியதற்கு இதெல்லாம் காரணமில்லை. காரணம் பராமரிப்பு. வண்டி வாங்குகிறவர் ஷோரூம் பளபளப்பைப் பார்த்துவிட்டு மைலேஜைக் கேட்காமல் வந்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் எல்லோரும் பத்து நாளைப் பற்றியே பேசுகிறார்கள். பதினோராம் நாள் வீட்டுக்கு வந்த பிறகு என்ன?

கோயங்கா முறையில் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி உட்காரச் சொல்கிறார்கள். வருடத்துக்கு ஒரு முகாம். இரண்டு வேளையும் நான் நாலு மாதம் தாக்குப்பிடித்தேன். காலை ஐந்தரைக்கு உட்கார்ந்தால் ஆறரைக்கு எழ வேண்டும். ஆறேகாலுக்குப் பால் பாக்கெட், இரண்டு டிபன் பாக்ஸ், மாமியாரின் சர்க்கரை மாத்திரை. ராத்திரி உட்கார்ந்தால் தலை தொங்கிவிடும். செப்டம்பரில் டாக்ஸ் ஆடிட் வேலை வந்தது, மாலை உட்காருவது போனது. மார்ச்சில் காலையும் போனது. போனதைவிட, போனதே என்ற குற்றவுணர்ச்சிதான் பெரிய பாரமாக இருந்தது. உடம்பை அங்குலம் அங்குலமாகப் பார்க்க அமைதியும் நீண்ட நேரமும் வேண்டும். எனக்கு இரண்டும் வாய்க்கவில்லை.

குறிப்பு முறையில் உட்காருவது எனக்கு அரை மணிதான். மீதியை நாள் முழுக்கத் தூவிவிடலாம். பாத்திரம் தேய்க்கையில் ‘ஈரம்’, ‘வழுக்குது’. தாம்பரம் பாலத்தில் பஸ் நின்றால் ‘எரிச்சல்’. போன வாரம் மாமியார், “சாம்பார்ல உப்பே இல்லையேம்மா” என்றார். பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ‘கோபம், கோபம்’ என்று இரண்டு முறை குறித்ததில் கிடைத்த இடைவெளியில் உப்பு ஜாடியை எடுத்து நீட்டினேன். பத்தில் ஏழு தடவை கோட்டை விடுகிறேன், அது வேறு. ஆனால் இரண்டு வருடத்தைத் தாண்டியும் இது ஓடிக்கொண்டிருக்கிறது.

இதே பராமரிப்பு விஷயத்தில் கோயங்கா பக்கமும் ஒரு பெரிய வசதி இருப்பதை மறைக்கக் கூடாது. நம்ம ஊரிலேயே மையம், ஒருநாள் முகாம், கூட்டு அமர்வு, தமிழில் உரை. என் முறைக்கு நடுவில் சந்தேகம் வந்தால் நான் கடல் தாண்ட வேண்டியிருக்கிறது. வழிகாட்ட ஆளில்லாமல் குறித்துக்கொண்டே போனால் அது வெறும் முணுமுணுப்பாகிவிடும் அபாயமும் உண்டு. எனக்கே சில வாரங்களில் அப்படி ஆனது. உடம்புக்குள் கோயங்கா முகாமில் பார்த்த அந்த நுணுக்கத்தை வீட்டுக் குறிப்பில் நான் இன்னும் எட்டவில்லை. மாதக்கணக்கில் உட்கார்ந்தால் எந்த முறை ஆழமாகப் போகும் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. என் மொத்த அனுபவமே இருபது நாளும் ஒரு சமையலறையும்தான். மனநல சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இரண்டுக்கும் போக வேண்டாம்.

ரிட்டயர் ஆனவர், தனியாக இருப்பவர், காலை ஒரு மணி நேரம் யாரும் கதவைத் தட்டாத வீடு வாய்த்தவர் என்றால் தயங்காமல் கோயங்கா முகாமுக்கே போகச் சொல்வேன். எங்கள் மாடி வீட்டு அக்கா பதினோரு வருடமாக இரண்டு வேளையும் தவறாமல் உட்காருகிறார். பிள்ளைகள் இருவரும் வெளியூரில்.

அந்த அக்கா ஒருநாள் முகாமுக்கு என்னையும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். முறைகளைக் கலக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. “நான் இப்ப வேற பண்றேன்க்கா” என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “உக்காரியா இல்லியா, அதச் சொல்லு” என்றார். அரை மணி என்றேன். “அரை மணியா!” என்று சிரித்துக்கொண்டே மாடி ஏறினார்.